கருங்காலிக்கு முன் இரண்டு பலகைகள்

1

இந்தக் கதை நான்கு வரி அட்டையாக முடிந்திருக்க வேண்டியது. எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் என் தம்பி வின்கோவின் மின்கிட்டாரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்கள். பெட்டிக்குக் கீழே ஒட்ட நான்கு வரி எழுதிக் கேட்டார்கள். செய்தவர் யார், வாசித்தவர் யார், என்னென்ன மரங்கள். பதினெட்டு நாள் ஆகிவிட்டது. நான்கு வரி எழுதத் தெரியாதவன் அல்ல நான். எழுபத்தொன்பது வயது வரை அளந்து பேசி அளந்து எழுதியவன்.

முதல் முயற்சி இது:

"சாவா நதிக்கரையில் மூன்று தலைமுறைகளாக நரம்பு வாத்தியம் செய்துவரும் ஷிமுனிச் குடும்பத்தின் பட்டறையில், 1969இல் அந்திரியா ஷிமுனிச் செய்த இந்தக் கிட்டாரை அவருடைய மகன் வின்கோ

அதற்குப் பிறகு ஒரு வினைச்சொல் வர வேண்டும். அது வரவில்லை. அதனால்தான் அட்டை கதையாகிவிட்டது.

2

(இந்தப் பகுதியை எங்கள் அப்பாவின் கைத்திறனைப் புகழ்ந்து தொடங்கியிருந்தேன். ஒன்றரைப் பக்கம். அடித்துவிட்டேன். புகழ்ச்சி நீண்டால் வாசகர் எதையோ தேடத் தொடங்குவார்.)

கிட்டாரைக் கொண்டுவந்தவள் வின்கோவின் மகள் யாஸ்னா. தபால் நிலையத்தில் வேலை. நாற்பத்தைந்து வயதிலும் கதவை இடித்துக்கொண்டுதான் உள்ளே வருவாள்.

"பெரியப்பா, விரல் வைக்கிற பலகை பொளந்துபோச்சு. மாத்திக் குடுங்க. திறப்பு விழால அப்பாவோட அந்தப் பாட்டை நான்தான் வாசிக்கிறேன்."

"நீயா? ஊர் தாங்குமா?"

"ஊர் உங்களையே தாங்குதே."

'அந்தப் பாட்டு' என்றால் எங்கள் ஊரில் யாரும் எது என்று கேட்க மாட்டார்கள். 1971இல் ஸாக்ரெப் நகரத்துக்குப் போய் இசைத்தட்டாகப் பதிந்தது. அப்போது வின்கோவுக்கு இருபத்திரண்டு வயது. நான்கு வருடம் முன்பு அவன் இறந்தபோது சவ ஊர்வலம் முழுக்க அதைத்தான் முணுமுணுத்தது. யாஸ்னா அந்தப் பாட்டின் மகளாகவே வளர்ந்தவள்.

அவள் போனதும் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய கத்தி விட்டுப் பழைய பலகையைக் கழற்றினேன். மேப்பிள். வெளிறிய மரம், மேலே வார்னிஷ். விரல் பட்ட இடமெல்லாம் வார்னிஷ் தேய்ந்து, மரம் சாம்பல் நிறமாகக் குழிந்திருந்தது. ஒரு கிட்டார்க்காரன் எப்படி வாசித்தான் என்று மேப்பிள் ஒளிக்காமல் சொல்லிவிடும்.

கை இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் மூன்று குழிகள். மோதிர விரல் விழ வேண்டிய இடத்தில் வார்னிஷ் நேற்றுப் பூசியதுபோல் மின்னியது.

வின்கோவுக்கு எல்லா விரல்களும் இருந்தன.

பலகையை அடுப்பில் போட்டேன். *

* வாத்தியம் செய்கிறவன் பழைய பாகத்தை எரிக்கக் கூடாது, எடுத்து வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியும்.

3

எங்களுக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"மாந்தா என்றொரு

"எங்கள் வீட்டுக் கடைசிப் பெண் பதினோரு வயதில் பட்டறை ரம்பத்தில்

"ஸ்டுட்கார்ட் போனவள்

எதுவும் உட்காரவில்லை. ஆகவே ஒழுங்கில்லாமலே சொல்கிறேன். பெயர் மாந்தா. இடது கை மோதிர விரல் பாதிக்கு மேல் இல்லை. 1972இல் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனாள். 1979 வரை கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. இறந்துவிட்டாள் என்றும் யாரும் எழுதவில்லை.

(ஒரு வரைவில் 'ஆவி' என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். ஆவி என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அவள் செத்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாது.)

4

புதுப் பலகைக்கும் மேப்பிளையே போட்டேன். பழையதைப் போலவே இருக்கட்டும் என்பது அருங்காட்சியகத்தாரின் விருப்பம். திங்கட்கிழமை ஒட்டி, குறுக்கே மெட்டுக் கம்பிகளை அடித்து, வார்னிஷ் காய வைத்தேன். தந்திகள் போடவில்லை. செவ்வாய் மதியம் பயற்றங்காய் சூப்பைக் குடித்துவிட்டு வந்து பார்த்தால், மூன்றாவது மெட்டுக்குப் பக்கத்தில் வார்னிஷ் மங்கியிருந்தது. மூன்று இடத்தில்.

யாஸ்னாவைக் கூப்பிட்டுத் திட்டினேன்.

"நான் வரவே இல்ல பெரியப்பா. கவுண்டர்ல நிக்கிறவளுக்கு மதியச் சாப்பாட்டுக்கே நேரமில்ல. எலி கடிச்சிருக்கும்."

"மூணு பல்லு எலியா?"

"உங்க வீட்டு எலியாச்சே. கணக்கா வரிசையாத்தான் கடிக்கும்."

சிரித்துக்கொண்டே போனாள். நான் மேப்பிளைக் கழற்றினேன்.

அடுத்தது இந்திய ஈட்டிப் பலகை. எண்ணெய்ப் பசையுள்ள பழுப்பு மரம், வார்னிஷ் தேவையில்லை, கறையை விழுங்கிக்கொள்ளும். கிட்டாரை அலமாரியில் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை, ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது குழிகளின் விளிம்பு மின்னியது. நாற்பது வருடம் வாசித்ததைப்போல ஆழம். தொட்டேன். மரம் வெதுவெதுப்பாக இருந்தது, அப்போதுதான் யாரோ கையை எடுத்ததுபோல.

இந்த இடத்தில் வாசகர், 'கிழவருக்குக் கண் சரியில்லை' என்று நினைக்கலாம். நினைக்கட்டும். அந்தச் சந்தேகம் எனக்கு வசதியானது.

5

இனியும் தள்ளிப்போட்டால் கதை கெட்டுவிடும். சொல்லிவிடுகிறேன்.

அன்று ஸாக்ரெப் ஒலிப்பதிவுக்கூடத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததும் வின்கோவின் கை நடுங்கத் தொடங்கியது. ஏழு முறை முயன்றான். எங்கள் கோட்டுகளைச் சுமக்க வந்த மாந்தா, அவற்றை நாற்காலியில் போட்டுவிட்டு, "குடு, நான் வாசிக்கிறேன்" என்றாள். ஒரே முறை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அதன்பின் எழுத்தர் ஒருவர் தாளுடன் வந்து, இசைத்தட்டில் யார் பெயரைப் போடுவது என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். மூத்தவன் நான்.

வின்கோ ஷிமுனிச் என்று சொன்னேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.

திரும்பும் ரயிலில் மாந்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அண்ணா, என் பேரு அவ்வளவு கஷ்டமா?"

விரல் குறைந்த பெண், மேடையேறி, ஆண்களுக்கு நடுவில் நின்று... எங்கள் வீட்டைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று எண்ணினேன். அன்று அது எனக்குக் காரணமாகப் பட்டது. (இதை நியாயப்படுத்தி ஒரு பத்தி வைத்திருந்தேன். நன்றாகவே இருந்தது. எடுத்துவிட்டேன்.)

6

கடைசியில் கருங்காலி. கல்போல் கனக்கும், கறுத்த மரம். அதில் எது தேய்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாரம் பார்த்தேன். ஒன்றுமில்லை. அன்று மாலை உற்சாகத்தில் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: கிட்டார் பெட்டிக்குள் போகிறது, வின்கோவின் பெயர் பித்தளையில், எல்லோரும் ரக்கியா சாராயம் குடிக்கிறார்கள்.

இரண்டாம் முடிவு: ஸ்டுட்கார்டிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. (பொய். வரவில்லை. வர வைத்தால் அழகாக இருந்திருக்கும்.)

இரண்டையும் எழுதிவிட்டுப் பழக்க தோஷத்தில் ஒரு வேலை செய்தேன். மெட்டுக் கம்பிகளை அடிக்கும் முன் பலகை சமமாக இருக்கிறதா என்று பார்க்க, அதன்மேல் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, எஃகு அளவுகோலை இழுப்போம். மேடெல்லாம் துடைபட்டுப் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும்.

வெள்ளை தங்கியது. மும்மூன்றாக. அந்தப் பாட்டின் இடங்களில் அல்ல. அவற்றுக்கெல்லாம் மேலே, வின்கோவின் கை ஒருநாளும் ஏறாத உயரத்தில். மோதிர விரலை மடக்கிக்கொண்டு, என் விரல்களை ஒவ்வொரு குழியாக வைத்துப் பார்த்தேன். பட்டறையில் வளர்ந்தவனுக்கு ஒலி இல்லாமலே சுரம் கேட்கும். அது நான் அறியாத பாட்டு. பாதியில் நின்றிருந்தது. சாக்பீஸைத் துடைத்து, மெட்டுக் கம்பிகளை அடித்து, தந்திகளைப் பூட்டினேன்.

7

இன்று வெள்ளி. நாளை காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. யாஸ்னா பழகிப் பார்க்க வந்து, என் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முன்னாலேயே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கடிதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"சிக்கிச் சிக்கி நிக்குது பெரியப்பா. அப்பா எப்படித்தான் வாசிச்சாரோ. என் மோதிர விரல் குறுக்க குறுக்க வருது."

"பழகு."

"முப்பது வருஷமாப் பழகுறேன். அப்பாவும் எங்க முன்னாடி இதை வாசிச்சதே இல்ல, தெரியுமா? கேட்டா, கை வலிக்குதும்பாரு."

அவள் கை கிட்டார்க் கழுத்தின் மேல்பக்கம் நகர்கிறது. நிற்கிறது. விரல் நுனியால் எதையோ தேடுவதுபோல் ஒரே இடத்தைத் தடவுகிறாள். நெற்றி சுருங்குகிறது.

"பெரியப்பா... இங்க பலகை குழிஞ்சிருக்கு. புதுசுதானே போட்டீங்க?"

அந்த விரலை மடக்கிக்கொண்டு வாசி என்று நான் சொன்னால் போதும். அந்தப் பாட்டு முழுதாக வந்துவிடும், குழிகளில் பாதியில் நிற்கும் மற்றப் பாட்டும் வரும். தன் அப்பாவைப் பற்றி நாற்பத்தைந்து வருடமாக அவள் நம்பியது போய்விடும். எங்கள் பெயரும் போகும். சொல்லாவிட்டால், நாளை பத்து மணிக்கு அவள் சிக்கிச் சிக்கி வாசிப்பாள், ஊர் கைதட்டும்.

ஒருமுறை இந்த வீட்டுக்காகப் பெயர் சொன்னவன் நான். மறுபடியும் என்னையே சொல்லச் சொல்லாதீர்கள். அவள் தலையை நிமிர்த்திக் காத்திருக்கிறாள், விரல் இன்னும் அந்தக் குழியில்தான் இருக்கிறது. எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன். நீங்கள் சொல்லுங்கள் அவளிடம்.