பாத்தியில் கால் வைக்காதே

கோரையை மேலே பிடித்து இழுத்தால் தலை மட்டும்தான் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்துகொண்டு அடுத்த வாரமே நாலாகக் கிளம்பும். அதனால் அவள் பாத்தி ஓரத்தில் மண்டியிட்டு, களைக்கொத்தைச் சாய்வாக இறக்கி, மண்ணை நெம்பி, கிழங்கு அறாமல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தட்டு என்றால் வலது பக்கம் ஒன்றை விட்டுவிட்டாய் என்று அர்த்தம். இரண்டு தட்டு, இடது பக்கம். விடாமல் தட்டினால், பாத்தியில் கால் வைத்துவிட்டாய்.

இரண்டு தட்டு.

"தெரியுது, தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு" என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி இடது பக்கம் நகர்ந்தாள்.

உள்ளே கட்டிலில் கிடந்தவர் அவள் புருஷன். தெருவில் எல்லாருக்கும் அவர் சர்வேயர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரார் நிலத்தை அளந்து எல்லைக்கல் நட்ட மனுஷன். ஓய்வு பெற்ற பிறகு அவர் அதிகாரத்துக்கு மிஞ்சியது வாசல் நடைபாதைக்கும் ஜன்னலுக்கும் நடுவே கிடந்த இந்தப் பூப்பாத்திதான். நோய் வந்து நடை போயிற்று, பேச்சும் குழறிற்று, கண் மட்டும் போகவில்லை. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் செய்து, மருந்துக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு படுத்தபடியே ஆட்சி நடத்தினார்.

அவர் வேலையில் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நடைபாதைப் புல் உள்ளே ஊர்ந்து வராதபடி ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்வெட்டியால் வெட்டிவைத்திருந்தார். செடிகளுக்கு நடுவே மண்ணே தெரியாது. அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, அதன்மேல் காய்ந்த இலையைக் கனமாகப் போட்டிருந்தார். வெளிச்சம் படாத விதை முளைக்காது என்பார்; அட்டையையும் துளைத்துக்கொண்டு வருவது கிழங்குள்ள கோரை ஒன்றுதான். கால் வைத்தால் அட்டை கிழியும், மண் வெளியே தெரியும், தூங்குகிற விதையெல்லாம் எழுந்துகொள்ளும் என்பார். அவரே போட்ட காசித்தும்பையின் விதை தெறித்து வரிசைக்கு வெளியே முளைத்தாலும் பிடுங்கி எறிந்துவிடுவார்.

"பூச்செடிதானேங்க" என்று ஒருமுறை கேட்டாள்.

"நான் நட்ட இடத்துல இல்லாத எதுவும் களைதான்" என்றார்.

இடது பக்கம் முடிந்து அடுத்த வரிசைக்கு வந்தாள். கரண்டிச் சத்தம் இல்லை. தூங்கிவிட்டார் போலும் என்று நினைத்தாள். காற்று இதமாக இருந்தது. யாரும் தட்டாமல், யாரும் குறை சொல்லாமல், தன்பாட்டுக்கு ஒரு வேலையைச் செய்வது எவ்வளவு சுகம் என்று அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. சும்மா ஒரு விளையாட்டுக்கு, கண்ணுக்கு நேரே நின்ற ஒரு கோரையை விட்டுவிட்டு நகர்ந்தாள். தட்டவில்லை. இன்னொன்றை விட்டாள். அதற்கும் தட்டவில்லை. கொழுத்த கொத்து ஒன்றை, ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றதை, வேண்டுமென்றே தாண்டிப் போனாள்.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

கரண்டி தரையில் கிடந்தது. அவர் கண் திறந்தே இருந்தது, பாத்தியைப் பார்த்தபடி. மண் கையைக் கழுவிவிட்டு வந்து இமைகளை மூடினாள். அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. வேலிக்குப் போய்ப் பக்கத்து வீட்டுத் தையற்காரியைக் கூப்பிட்டாள்.

"அவரு போயிட்டாரு. சின்னவளுக்கு போன் போடு."

தையற்காரி வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்தாள். "அய்யோ அக்கா! பெரியவனுக்குச் சொல்லிட்டீங்களா?"

"முதல்ல சின்னவளுக்கு."

"அவ வரக் கூடாதுன்னு அவரு..."

"அவரு சொல்றதெல்லாம் முடிஞ்சுது. நீ போடு."

சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது அவர்தான். குடும்பம், வேலை, சொத்து எல்லாம் அளந்து பார்த்துத்தான் கொடுத்தார். மாப்பிள்ளையின் கையை மட்டும் யாரும் அளக்கவில்லை. ஒருநாள் கன்னம் வீங்கி, ஒற்றைப் பையோடு அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். அவர் களைக்கொத்தோடு எழுந்து வந்து கேட்டை மறித்துக்கொண்டார். "கட்டிக்கொடுத்த இடத்துல இருக்கத் தெரியாதவளுக்கு இங்க இடமில்ல. என் பொணத்தைப் பாக்கக்கூட வராதே." இவள் அவர் பின்னால், பிடுங்கிய களையைக் கூடையில் ஏந்திக்கொண்டு நின்றாள். கூடையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. பெண் திரும்பிப் போகும் முன் கடைசியாகப் பார்த்தது அப்பாவை அல்ல, இவளை.

இப்போது அவள் வேறு ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள். அதுவும் தையற்காரி சொல்லித்தான் தெரியும். அவள் வர வேண்டும், தூக்கிக்கொண்டு போவதற்குள் அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் இவளுக்கு வேண்டியிருந்தது. அவருக்காக இல்லை. செத்த பிறகும் அந்த மனுஷன் நினைத்ததே நடந்துவிடக் கூடாது என்பதற்காக.

பெரியவன் வந்தான். அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லா ஏற்பாட்டையும் மளமளவென்று செய்தான். நல்ல பிள்ளைதான், அப்பாவை அப்படியே உரித்து வைத்த பிள்ளை. வந்தவர்களில் ஒருத்தி பாத்தி ஓரமாகக் குனிந்து ஒரு ரோஜாவை ஒடிக்கப் போனபோது ஓடிவந்து தடுத்தான்.

"வேணாங்க. அப்பா உயிரோட இருந்தவரைக்கும் ஒரு பூவைப் பறிக்க விட்டதில்ல. கடையில சொல்லியிருக்கேன்."

ஆக, சர்வேயரின் நெஞ்சில் கடைப் பூ வாடிக்கிடந்தது. அவர் வளர்த்த பூவெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஜம்மென்று நின்றன.

வண்டி வந்து நின்ற சமயம் சின்னவளும் வந்து சேர்ந்தாள். கேட்டைத் தாண்டி நடைபாதையில் பாதி தூரம் வந்துவிட்டாள். பெரியவன் படியில் இறங்கி நின்றான்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரோ சொன்னாங்க. வழி விடுண்ணா."

"எல்லாரும் பாக்குறாங்க, கலாட்டா பண்ணாதே. அப்பா என்ன சொன்னாருன்னு உனக்கே தெரியும். கடைசி வார்த்தைக்காவது மரியாதை குடு."

"முகத்தை மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்."

"இங்கேயே நில்லு. வண்டியில ஏத்தும்போது தூரத்துலேருந்து பாரு."

"துணியால மூடித்தானே கொண்டு வருவீங்க?"

அவன் தோளுக்குப் பின்னால் ஆண்கள் நாலைந்து பேர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "விடுடா அவளை" என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அத்தனை பேரும் சர்வேயரிடம் பயந்து பழகியவர்கள்.

உள்ளே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்கு எல்லாம் கேட்டது. போய் மகனோடு மல்லுக்கட்டலாம். பேசிப் பழக்கமில்லாத வாய், போகிற வழியிலேயே அடங்கிவிடும் என்று அவளுக்கே தெரியும். கட்டிலுக்கு அடியில் கரண்டி இன்னும் கிடந்தது. அதை எடுத்தாள். ஜன்னல் கண்ணாடியில் தட்டினாள். ஒன்று, இரண்டு, பிறகு விடாமல்.

வாசல் மொத்தமும் திடுக்கிட்டுத் திரும்பியது. பெரியவனின் முகம் வெளுத்துவிட்டது.

அவள் ஜன்னல் கதவைத் திறந்தாள். "இப்படி வாடி. பாத்தி மேல ஏறி வா."

"அம்மா, பாத்தி!" என்றான் பெரியவன்.

"தெரியும்டா."

சின்னவள் பாத்தி ஓரத்துக்கு வந்து நின்றாள். பழைய பயம் காலைப் பிடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரத்து வெட்டைத் தாண்டிக் காலை வைத்தாள். காலையில் விட்ட தண்ணீரில் ஊறியிருந்த அட்டை பொத்துக்கொண்டு குதிகால் உள்ளே இறங்கியது. காசித்தும்பை இரண்டு ஒடிந்தன. ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கடைப் பூவுக்கு மேலே, சவரம் செய்யாத தாடையோடு அவர் கிடந்தார்.

"ரொம்ப மெலிஞ்சிட்டாரு" என்றாள்.

"ம்."

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "என்னைக் கேட்டாராம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவருக்காக இன்னொரு பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"இல்லடி."

பெண் தலையாட்டினாள். அது அவளுக்குத் தெரிந்த பதில்தான். கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"நீ கேட்டியாம்மா?"

இவள் கையில் கரண்டி இன்னும் இருந்தது. உள்ளே யாரோ வண்டிக்கு நேரமாயிற்று என்றார்கள். கட்டிலின் நாலு மூலையிலும் ஆட்கள் வந்து பிடித்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, திரும்பவும் ஜன்னலுக்கு வந்து பார்த்தபோது பெண் பாத்தியைத் தாண்டிப் போயிருந்தாள். செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் முன் பெரியவன் ஒரு கூடை காய்ந்த இலையோடு பாத்திக்கு வந்தான். "மண்ணு தெரியுதும்மா. மூடிட்டுப் போறேன்."

"விடு. நான் பாத்துக்கறேன்."

"அப்பா இருந்தா..."

"அதான் இல்லையே. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு."

அவள் மூடவில்லை. தையற்காரியின் போனிலிருந்து சின்னவளுக்குப் பேசிப் பார்த்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்துப் பார்த்தாள், அதுவும் அப்படியே. "வேலையா இருப்பா அக்கா" என்று தையற்காரி சொன்னாள். "ஆமாம், வேலையா இருப்பா" என்று அவளும் சொன்னாள். பிறகு ஒவ்வொரு வாரமும் இருவரும் இதையே சொல்லிக்கொண்டார்கள்.

மழை வந்து போயிற்று. பாத்தி முழுக்க இலை மூடிக்கிடக்க, மிதித்த இடங்களில் மட்டும் புதிதாகப் பச்சை முளைத்தது. கொஞ்சம் கோரை, கொஞ்சம் பேர் தெரியாத பூண்டு, வரிசை தப்பிய காசித்தும்பை ஒன்றிரண்டு. குதிகால் பக்கம் அடர்த்தியாகவும் விரல் பக்கம் சிறுசிறு புள்ளியாகவும், நடைபாதையிலிருந்து ஜன்னல் வரைக்கும், ஜன்னலிலிருந்து நடைபாதை வரைக்கும்.

தையற்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அக்கா, களை கிளம்பிடுச்சு பாருங்க. குட்டியா இருக்கும்போதே பிடுங்கிடுங்க. அப்புறம் பாத்தியே போச்சு."

"ம்" என்றாள் அவள்.

உள்ளே போய் வாளியும் சொம்பும் எடுத்து வந்தாள். பாத்தி ஓரத்தில் மண்டியிட்டு, முதல் காலடிக்குத் தண்ணீர் விட்டாள். பிறகு கை எட்டும் தூரத்தில் இருந்த அடுத்ததற்கு.