பதினாறாம் வரிசையின் ஃப்ரீ ஏஜென்ட்

"கெசாடா போயிட்டான் அண்ணி."

ஜென் இதைச் சொன்னபோது நான் பிரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவள் பூட்ஸைக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்துவிட்டாள். பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர்.

"எங்க போயிட்டான்?"

"கலிபோர்னியாவுக்கு. ஏழு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டானாம். காலையிலேர்ந்து ரேடியோவுல இதேதான்."

"பனி இல்லாத ஊரு. போகட்டும்."

"போகட்டுமா? நம்ம ஹெரான்ஸ் பேஸ்பால் டீம்ல பந்தைக் கையால பிடிக்கத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். மத்தவனுங்க நெஞ்சால பிடிக்கறானுங்க."

"அவனுக்கு ஆறு வருஷம் முடிஞ்சுபோச்சு ஜென். ஆறு வருஷம் ஆடினவன் ஃப்ரீ ஏஜென்ட். யாரு கூப்பிட்டாலும் போலாம். யாரும் தடுக்க முடியாது."

ஜென் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் என் கணவர் ஸ்டானின் தங்கை. முப்பத்தொரு வருடம் பஃபலோவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் பேசாமல் யோசிக்கிறாள் என்றால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"நான் உங்க பக்கத்துல எத்தனை வருஷமா உக்காந்து ஆட்டம் பாக்கறேன்?"

"இருபத்திரண்டு."

"அவனுக்கு ஆறே போதும்னா, நானும் ஃப்ரீ ஏஜென்ட்தான்."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

"சும்மா இருடி. இந்த வருஷ ஆட்டத்துக்கெல்லாம் ரெண்டு சீட்டுக்கும் ஃபாரம் எழுதிப் போன வாரமே அனுப்பிட்டேன்."

"என்னைக் கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? வருஷா வருஷம் நான்தானே எழுதறேன்."

"அதைத்தான் சொல்றேன்."

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று மத்தியானமே அணி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசித் தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டாள் என்று மறுநாள் எனக்குத் தெரிந்தது. அங்கே பேசிய பெண் காரணம் கேட்டிருக்கிறாள். "சந்தையில என் மதிப்பு என்னன்னு பாக்கப் போறேன்" என்றாளாம் ஜென்.

மதிப்பு இருந்தது, அதுதான் சங்கடம். எங்கள் பதினாறாம் வரிசை, ஆட்டக்காரர்கள் ஓடித் தொடுகிற மூன்றாம் தளத்துப் பக்கம். முன்னால் நாலு வரிசை, பின்னால் நாலு வரிசைக்காரர்கள் ஆட்டத்தைப் பாதி, ஜென்னைப் பாதி என்றுதான் பார்ப்பார்கள். எதிரணிக்காரன் பந்து கடந்துபோன பிறகு மட்டையைச் சுழற்றினால், "தம்பி! பஸ்ஸு போய் அரை மணி நேரமாச்சு, இப்பக் கையைக் காட்டுற!" என்பாள். கைக்கு வந்த பந்தை நழுவவிட்டவனிடம், "டிபன் டப்பாவையாவது ஒழுங்காத் தூக்குவியாடா?" ஒருமுறை எதிரணி ஆள் ஒருவன் அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தபடியே ஓடி வேலியில் மோதிக்கொண்டான். எழுந்து அவளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

நான் அப்படியில்லை. மடியில் நோட்டு, கையில் பென்சில். ஒவ்வொரு பந்தையும் குறித்து வைப்பேன். மைதானத்தில் நான் வாயைத் திறப்பது சூரியகாந்தி விதையின் தோலைத் துப்புவதற்கு மட்டும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை, தவக்காலத்து மீன் வறுவலுக்கு மாதா கோயில் கூடத்துக்குப் போனோம். ஊரே அங்கேதான் சாப்பிடும். ஜென் எங்களோடு உட்காரவில்லை. இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாள், எனக்குக் கேட்கிற தூரத்தில். வேண்டுமென்றேதான்.

முதலில் டைரெல் வந்தான். முடிவெட்டும் கடை வைத்திருப்பவன். மைதானத்து வலது பக்கக் கோடியில், கூரையில்லாத பெஞ்சுகளில் டிரம் அடிக்கிற கூட்டத்துக்குத் தலைவன்.

"அக்கா, நீங்க சும்மா இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். நம்ம பக்கம் வந்துடுங்க."

"உங்க பக்கம் என்ன இருக்கு?"

"மூணு டிரம் இருக்கு. நீங்க ஒரு வார்த்தை விட்டீங்கன்னா, நாங்க டம்முனு ஒரு அடி. எதிராளி கெட்டான்."

"வெயில் மண்டையைப் பிளக்குமே?"

"தொப்பி வாங்கித் தரோம். உங்க பேரு போட்டு."

அவன் நகர்வதற்குள் பல் வைத்தியர் ஹாலர் அம்மா தட்டோடு வந்து நின்றார். அவர் இடம் மட்டையாளருக்கு நேர் பின்னால்.

"ஜென் மேடம், எங்க பக்கம் கூரை உண்டு. மழைக்கு எழுந்திரிக்க வேண்டாம். பாத்ரூம் பன்னெண்டே அடியில."

ஜென் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அறுபத்தாறு வயதில் அது லேசான பேச்சு இல்லை.

"பன்னெண்டா? அளந்தீங்களா?"

"நான் பல் டாக்டர். எனக்கு அளவு தப்பாது."

"நான் கத்தினா ஆட்டக்காரனுக்குக் கேக்குமா, இல்ல உங்க கூரையே தின்னுடுமா?"

"எங்க பத்துப் பேருக்குக் கேட்டாப் போதும். ஆட்டம் டிவியில இன்னும் நல்லாத் தெரியும் மேடம். போன வருஷம் தொண்ணூத்தெட்டு ஆட்டம் தோத்தாங்க. அப்புறமும் எதுக்கு வரோம்னு நினைக்கிறீங்க?"

"டாக்டரம்மா, இது விலையை ஏத்தற வேலை. முறையா வாங்க" என்றான் டைரெல். மேசை முழுக்கச் சிரிப்பு.

நான் முட்டைக்கோஸ் சாலட்டைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஸ்டான் என் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கத் துளை போடுகிற தன் கருவியை அரத்தால் தீட்ட உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். அவருக்கு மீன்பிடி மட்டும்தான். பேஸ்பால் என்றால் தூக்கம் வரும்.

"போகாதன்னு அவகிட்டச் சொன்னியா?"

"சொன்னாத்தானா? அவளுக்குத் தெரியாதா?"

"தெரியும்னு நீயா நினைச்சுக்கற."

"உங்க தங்கச்சிதானே, நீங்களே சொல்லுங்களேன்."

"வாண்டா, எனக்கு அவ பக்கத்துல உக்கார வேண்டாமே. நாப்பது வருஷம் முன்னாடியே தப்பிச்சவன் நான்."

நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். சொந்த ஊரில் எண்பத்தொரு ஆட்டம். எண்பத்தொரு தடவை அந்தப் படியேறி, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். குறிக்கிறதைக் குறித்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். நினைத்தாலே கசந்தது. ஆனாலும் இந்த வயதில் போய், "இருடி" என்று கெஞ்சுவதா? நாக்கு வரவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மைதானத்தைத் திறந்துவிடுவார்கள். காலியாக உள்ள இருக்கைகளில் மஞ்சள் அட்டை கட்டியிருக்கும். வேண்டியவர்கள் உட்கார்ந்து பார்த்து, பிடித்திருந்தால் அங்கேயே கையெழுத்துப் போடலாம். முதல் நாள் இரவு பனி கொட்டியிருந்தது. படிகளை மட்டும் சுத்தம் செய்திருந்தார்கள். மைதானத்து நடுவில் ஒரு ஆள் பெரிய பலகையால் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

எனக்கு அங்கே வேலையே இல்லை. என் சீட்டு என்னிடம் இருந்தது. இருந்தாலும் போனேன். பதினாறாம் வரிசையில் என் இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் மஞ்சள் அட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

காப்பிக் கோப்பையோடு ஓர் இளைஞர் வந்தார். கையுறையால் பனியைத் தட்டிவிட்டு அதில் உட்கார்ந்தார்.

"இடம் நல்லாத்தான் இருக்கு! அம்மா, இந்தப் பக்கம் ரொம்பச் சத்தமா இருக்குமா?"

"இனிமே இருக்காது."

"அப்பாடா. எனக்கு நிம்மதியா ஆட்டம் பாக்கணும். பக்கத்துல யாரும் பேசக் கூடாது."

"நான் பேச மாட்டேன்" என்றேன். நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போது மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. காலி மைதானத்தில் அது சுவரில் மோதி இரண்டு தடவை கேட்டது.

"தம்பி! பனியை எடுக்கவா செய்யற? இங்கேர்ந்து அங்க, அங்கேர்ந்து இங்கன்னு மாத்தித்தானே வைக்கிற? நம்ம அணி முதலாளி உனக்குச் சொந்தக்காரரா? அவரும் ஆளுங்களை இப்படித்தான் மாத்தி மாத்தி வைக்கிறாரு!"

டம், என்றது டிரம். பனி தள்ளுகிறவர் பலகையில் சாய்ந்து நின்று சிரித்தார். மைதானம் முழுக்க அங்கங்கே உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வேகத்தில் என் முழங்கை தன்னால் போய்ப் பக்கத்தில் இருந்தவர் விலாவில் இடித்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல தம்பி. ஆள் மாறிப்போச்சு."

ஜென் இருந்த பக்கம் பார்த்தேன். டைரெல் ஒரு காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்தான். ஜென் பேனாவுக்காகக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். நோட்டு மடியிலிருந்து விழுந்தது.

"ஜென்!"

முதலில் வந்தது குரலே இல்லை, கதவுக் கீல் சத்தம். மறுபடியும் மூச்சை இழுத்தேன்.

"ஜெனீவ்!" முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன்.

இளைஞர் காப்பியைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டார். அந்தக் கோடியில் ஜென் கையைப் புருவத்துக்கு மேல் வைத்து, யாரோ என்னவோ என்பதுபோலப் பார்த்தாள். நன்றாகத் தெரியும் அவளுக்கு.

"யாரது?"

"நான்தான்! இரு!"

"இருக்கத்தானே இருக்கேன்! உக்காந்திருக்கேன் பாருங்க!"

"அங்க இல்ல! இங்க!"

"கேக்கலை!"

பனி தள்ளுகிறவர் நடுவில் நின்று, வாயருகே கையைக் குவித்தார். "உங்களை அங்க வந்து உக்காரச் சொல்றாங்க!"

"எதுக்காம்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "எதுக்காம்?"

சீட்டு பழகிப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். ஸ்டான் வருத்தப்படுகிறார் என்று பொய்கூடச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாலர் அம்மா மட்டையாளர் பின்பக்கத்திலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"நீ இல்லாம எனக்கு ஆட்டம் பாக்கப் பிடிக்கலடி! கெசாடா போனா போறான்! நீ போகாத!"

பனி தள்ளுகிறவர் இதை எடுத்துச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. ஜென் எழுந்து நின்றாள். மூக்கைத் துடைத்தாள் போலத் தெரிந்தது. குளிராகவும் இருக்கலாம்.

"வழி ஓரத்துச் சீட்டு எனக்கு!" என்று கத்தினாள்.

"அது என் சீட்டுடி!"

"டைரெல், பேனாவைக் குடு!"

"சரி! எடுத்துக்கோ!"

"விதைத் தோலை என் பூட்ஸ் மேல துப்பக் கூடாது!"

"பாத்துத் துப்பறேன்!"

"துப்பவே கூடாது!"

பனி தள்ளுகிறவர் என்னைப் பார்த்து, ஒத்துக்கொள்ளுங்கள் என்று தலையாட்டினார்.

"சரி! டப்பாவுல துப்பறேன்!"

"எத்தனை வருஷத்துக்குக் கேக்கறீங்க?"

"ரெண்டு பேருல ஒருத்தர் போற வரைக்கும்!"

"ஒரு வருஷம்!"

"ஒண்ணுதானா? கெசாடாவுக்கே ஏழு குடுத்திருக்காங்க!"

"ஒண்ணுதான்! அடுத்த பனிக்காலத்துல திரும்பக் கேக்கணும்! இதே மாதிரி! எழுந்து நின்னு!"

"கேக்கறேன்!"

"என்னது?"

"கேக்கறேன்னு சொன்னேன்டி!"

டைரெல் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கத்தினான். "வாண்டாம்மா, வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு மட்டுமாவது அக்காவை இரவல் குடுங்க!"

"அவளைக் கேளு! எனக்குத் தெரியாது!" என்றேன். எனக்கே என் குரல் பிடித்துப்போயிருந்தது.

இளைஞர் மெதுவாக எழுந்தார். கோட்டெல்லாம் காப்பி. "நான் அந்தக் கோடிப் பக்கம் பாக்கறேம்மா" என்றார். ஆட்டத்துக்கு ஆட்டம் அங்கே மூன்று டிரம் அடிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை.

ஜென் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வர ஒரு கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் ஹாலர் அம்மாவிடம் நின்று பேசினாள், கழிவறைக்குப் போய்வந்தாள், தூரத்தை அளந்துகூடப் பார்த்தாளாம். அதற்குள் நான் மஞ்சள் அட்டையை அவிழ்த்து அணி அலுவலக ஆளிடம் கொடுத்து, அவள் பெயரை எழுதச் சொல்லி, கையெழுத்துக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். உள்பக்க இருக்கைக்கு மாறி உட்கார்ந்தேன். இரும்புத் தூண் ஒன்று மூன்றாம் தளத்தைப் பாதி மறைத்தது.

ஜென் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, காகிதத்தைப் படித்து, கையெழுத்துப் போட்டு, வழி ஓரத்தில் உட்கார்ந்தாள். கால்களை நீட்டினாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள்.

"இங்கேர்ந்து எல்லாமே தெரியுதே."

"தெரியும்."

"இருபத்திரண்டு வருஷமா நான் அந்தத் தூணைப் பாத்துக்கிட்டிருந்தேன் அண்ணி."

"நீ சொல்லவே இல்லையேடி."

"நீங்க கேக்கலையே."

நான் தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். எப்படிச் சாய்த்தாலும் பாதித் தளம்தான்.

"ஜென், பாதி ஆட்டத்துல மாத்தி உக்காரலாமா?"

"கையெழுத்து இன்னும் காயல. அதுக்குள்ள பேரமா?" என்று சொல்லி, என் விலாவில் ஓங்கி ஒரு இடி இடித்தாள்.