நொடிக்கு முப்பது பழனியம்மாள்

திருச்செங்கோட்டு மலைக்கு நேராக நின்று, நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. முப்பத்தாறு வருடம் ஆழ்துளைக் கிணறு தோண்டும், போர் போடும் ரிக் வண்டி ஓட்டியவன் நான். பூமிக்குள் ஆயிரம் அடி துளை இறக்கியவனுக்குப் பொய் சொல்ல நேரம் ஏது.

என் மனைவி பழனியம்மாள் போன மாசியில் இறந்தாள். நான் ராஜஸ்தானிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கவில்லை. ஒருமுறை அவளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று மகள் கலைமணியிடம் கேட்டேன். அவள் கோயமுத்தூரில் செல்போன் விளையாட்டுகளுக்கு உருவம் செய்கிறவள்.

"போட்டோ காட்டறது சுலபமுங்கப்பா. நீங்க போனைத் திருப்பற பக்கமெல்லாம் அம்மா நடக்கோணும், நம்மூட்டு சன்னல் வெயிலு அம்மா மேல உழுகோணும். நொடிக்கு முப்பது தடவை புதுசு புதுசா வரையோணும். உங்குளுது நடுத்தரப் போனு. தாங்குமான்னு தெரீல."

"லோடு ஏத்திப் பாத்தாத்தானே தெரியும் சாமி" என்றேன் மகளிடம்.

கலைமணி அம்மா உருவத்தைப் போனில் ஏற்றித் தந்த முதல் நாள், அதைச் சமையலறைப் பக்கம் பிடித்தேன். பழனியம்மாள் வெளியே வந்தாள். ஒவ்வொரு முடியும் தனித்தனியாக ஆடியது. சேலையில் நூல் எண்ணலாம். நூற்றுப் பத்து வரை எண்ணினேன். நாலாவது நிமிடம் போன் கொதித்தது. நாமக்கல் முட்டை ஒன்றை அதன் முதுகில் உடைத்து ஊற்றினேன். ஆஃபாயில் பதமாக வந்தது. மிளகு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

சூடு ஏறியதும் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்தது. நொடிக்கு முப்பது என்பது எட்டானது. அவள் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"முட்டி வலியிலகூட உங்கம்மா இப்படி நின்னதில்லியே" என்றபடி, கம்ப்ரசருக்குப் போடுவது போல சாக்கை நனைத்துப் போன் மேல் போட்டேன். கலைமணி பிடுங்கித் துடைத்தாள்.

"இது ரிக்கு இல்லீங்கப்பா. லோடைத்தான் எறக்கோணும்."

இறக்கினாள். முதலில் நிழல் போனது. கூந்தல் ஒரே கட்டியானது. சேலை வழுவழுவென்று ஆனது. வெயிலை ஒவ்வொரு நொடியும் கணக்கிட முடியாது என்று, முன்கூட்டியே வரைந்து ஒட்டிவிட்டாள். அதற்குப் பிறகு பழனியம்மாள் மேல் எப்போதும் காலை பத்து மணி. அப்படியும் கிட்டத்தில் வந்தால் திக்கினாள்.

"தூரமா நிறுத்துனா போனுக்கு வேலை கம்மிங்கப்பா. மூக்கு முழி வரைய வேண்டீதில்ல. சாடை தெரிஞ்சாப் போதும்."



"அப்ப வாசக் கேட்டுல நிறுத்து சாமி. எனக்கு அவளை அங்கதான் நல்லாத் தெரியும்."

வடக்கே போர் போடப் போனால் திரும்ப எட்டு மாதம், பத்து மாதம் ஆகும். புறப்படும்போதெல்லாம் அவள் கேட்டில் நின்று கை தூக்குவாள். வண்டியின் பக்கக் கண்ணாடியில், வளைவு திரும்பும் வரை தெரிவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

"எந்தக் கையிங்கப்பா?"

"இடது கை. இத்தனை வருசமாப் பாத்தவனுக்குத் தெரியாதா?"

கலைமணியின் விரல் நின்றுவிட்டது.

"அம்மாவுக்கு இடது கை தோளுக்கு மேல வராதுங்கப்பா. கெணத்து மேட்டுல உழுந்ததுல இருந்து. பன்னெண்டு வருசமாச்சு. தூக்குனது வலது கை. நீங்க கண்ணாடியில எடம் வலம் மாத்திப் பாத்திருக்கீங்க."

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நான் ஜபல்பூர்ப் பக்கம் பாறையில் போர் இறக்கிக்கொண்டிருந்தேன். பழனியம்மாளிடம் போனில் நலம் கேட்டேன். "எல்லாம் நல்லாருக்குதுங்க, நீங்க சாப்புட்டீங்களா" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கலைமணி கையை மாற்றிக் கொடுத்துவிட்டு கோயமுத்தூருக்குப் போனாள். இப்போது பழனியம்மாள் கேட்டில் நிற்கிறாள். நிழல் இல்லை, முகம் இல்லை. வலது கை மட்டும் மேலே. சூடும் இல்லை, திக்கலும் இல்லை. ஒருநாள் மனசு கேட்காமல் அவளை நோக்கி நடந்தேன். ஐந்தடியில் போன் அவள் கண்ணை வரையத் தொடங்கியது. அதற்குள் அவள் தூக்கிய கை திக்கி நின்றுபோனது. அவளுக்கு வலிக்குமே என்று பின்னால் நகர்ந்துகொண்டேன். அன்றிலிருந்து அந்தத் தூரத்தில்தான் பார்க்கிறேன்.

மலைக்கு நேராக நின்று இன்னொன்றும் சொல்கிறேன்: என்னிடம் இருப்பது, அன்றும் இன்றும், படம் வராத பட்டன் போன்.