பின்பெஞ்சுக்கு அடியில் ஒரு சப்வூஃபர்

பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் ஏழு வேன் வரிசையாக வந்து நின்றாலும், பிள்ளைகள் ஏழையும் காதால் எடை போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். சுமத்ரா தீவின் பாடங் நகரத்தில் அது அப்படித்தான். எந்த வேனில் பாட்டு நெஞ்சுக்கூட்டை இடிக்கிறதோ அது நிமிஷத்தில் நிறைந்துவிடும். மற்றவை காலி பெஞ்சுகளைச் சுமந்துகொண்டு துறைமுகம் வரை போய்த் திரும்பும்.

ஜஸ்மான் மூன்று மாதமாகக் காலி பெஞ்சுகளைத்தான் சுமந்துகொண்டிருந்தான்.

வேன் அவனுடையது அல்ல. பள்ளிக்கு எதிரே சோற்றுக்கடை வைத்திருக்கும் யுஸ்னிமாருடையது. குழம்புத் தட்டுகள் அடுக்கிய கண்ணாடிக்குப் பின்னால் நின்றபடியே அந்த அம்மாள் தன் வேன் வருவதையும் போவதையும் பார்த்துவிடுவாள். கணக்குக் கேட்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அவனை உட்காரவைத்து, முட்டை அடித்துக் கலக்கிய தேநீரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"ஜஸ்மான், உன் மேல எனக்குக் கோபம் ஒண்ணுமில்ல. ஆனா தினமும் என் கண்ணு முன்னாடியே வெறும் பெஞ்சு போகுது. வர்ற சனிக்கிழமை சோலோக் ஊர்லேர்ந்து ஒருத்தர் வண்டிய விலை பேச வர்றார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள நிறைஞ்சுதுன்னா வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

"பாட்டுப் பெட்டி வெச்சா நிறையும், உனி," என்றான். உனி என்றால் அக்கா. அவளைவிட அவன் இரண்டு வயது மூத்தவன்தான். ஆனாலும் வண்டிக்காரி அக்காதான்.

"வெச்சுக்கோ. ஆனா வண்டியோட வந்த ரேடியோல கை வைக்கக் கூடாது. ஒரு ஒயரை வெட்டக் கூடாது. போன டிரைவர் வெட்டி ஒட்டினதுல சந்தை நடுவுல புகை கிளம்புச்சே, ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இருந்தது. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தபோது இடுப்பு ஒரு முறை பிடித்துவிட்டது. பதினெட்டு வருஷம் ஆற்று மணலை லாரியில் ஏற்றிய இடுப்பு. வேன் போனால் திரும்ப மணலுக்குத்தான் போக வேண்டும். அந்த இடுப்பு இனி மணலுக்குத் தாங்காது. தாங்காவிட்டால் மனைவி வீட்டில் சும்மா உட்கார வேண்டும். அவர்கள் ஊர் வழக்கப்படி ஆண்பிள்ளை கல்யாணமானதும் மனைவி வீட்டுக்குப் போய்விடுகிறவன். அங்கே சம்பாதித்துக்கொண்டு உட்கார்ந்தால் மாப்பிள்ளை. சும்மா உட்கார்ந்தால் எல்லோரும் அவனைச் சுற்றிக்கொண்டு பெருக்குவார்கள்.

அன்றைக்கே தம்ரினிடம் போனான். சிம்பாங் ஹாருவில் ரேடியோ பழுது பார்க்கிறவன். ஜஸ்மானின் வயதுக்காரன், சின்ன வயதிலிருந்தே வாய்த்துடுக்கு. பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலிருந்து கல்யாண வீட்டுக் கீபோர்டு வரைக்கும் அவன் கை படாத சாமான் கிடையாது. ஊரில் பாதி வேன்களின் இடிமுழக்கம் அவன் செய்ததுதான். ஆனால் அவன் செய்யும் முதல் வேலையே வண்டியோடு வந்த ரேடியோவைப் பிடுங்கி மூலையில் எறிவது. எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அதை வைத்துக்கொண்டே, கனத்த ஒலிக்கென்று இருக்கும் சப்வூஃபரைப் போடச் சொன்ன முதல் ஆள் ஜஸ்மான்.

தம்ரின் சிரித்தான். "பொண்டாட்டியையும் விட முடியாது, சின்ன வீடும் வேணும்ங்கிற. சரி, செஞ்சு குடுக்கறேன். என் பின்சுவர் கட்டறதுக்கு மணல் கொட்டிக் கிடக்கு, கூலிக்குப் பதிலா அதை உள்ள வாரிப் போடு."

திங்கட்கிழமை காலை முழுக்க ஜஸ்மான் மணல் வாரினான். தம்ரின் வேலை பார்த்தான். யாரோ ஒரு கார்க்காரர் விற்றுவிட்டுப் போன பத்து அங்குல சப்வூஃபர் ஒன்று, அதற்கு ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி. அதைப் பின்பெஞ்சுக்கு அடியில் தள்ளி, நகராமல் பட்டை அடித்தான். ரேடியோவைத் தொடவில்லை. பின்பக்கத்து ஸ்பீக்கரின் முதுகில் ரேடியோவிலிருந்து வரும் ஒயர்கள் முடிகிற இடத்திலேயே தன் ஒயர்களையும் மாட்டி, ஒலியைத் தணித்துக் கொடுக்கும் ஒரு சின்ன டப்பாவுக்குள் விட்டு, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோனான். பேட்டரியிலிருந்து தடித்த ஒயரை வண்டியின் வலது ஓரமாக இழுத்து, பாட்டு ஒயரை இடது ஓரமாக விட்டான். இரண்டும் ஒன்றாகப் போனால் இன்ஜினின் சீட்டி பாட்டுக்குள் வந்துவிடுமாம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். "உன் உனிக்காக," என்றான்.

சோதித்தபோது மெதுவாகத்தான் வைத்தார்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ரேடியோவின் கண்ணாடியில் பன்னிரண்டு என்று எண் தெரிந்தது. மணல் ஒட்டிய கையோடு ஜஸ்மான் பெஞ்சில் உட்கார்ந்தான். அடியிலிருந்து ஒரு கனத்த, இதமான அதிர்வு ஏறி, வலித்துக்கொண்டிருந்த இடுப்பில் யாரோ உள்ளங்கையை வைத்த மாதிரி நின்றது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மணல் தூசி என்று துடைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டது. வாசல் நெருங்கும்போது பாடங்கில் எந்த டிரைவரும் ஒன்றைத்தான் செய்வான். பிரேக்கில் கால் வைக்கும் முன்னால் கை ரேடியோவுக்குப் போய்க் குமிழைக் கடைசி வரை திருகிவிடும். ஜஸ்மானும் திருகினான். கண்ணாடியில் எண் நாற்பதைத் தொட்டது.

பாட்டு கத்தியது. ஆனால் இடிக்கவில்லை. தகர டப்பாவுக்குள் யாரோ மாட்டிக்கொண்டு அலறுவது போல ஒரு சத்தம். பின்பெஞ்சுக்கு அடியில் பெட்டி இருக்கிறதா, வழியில் விழுந்துவிட்டதா என்று அவனே திரும்பிப் பார்த்தான். இருந்தது.

பிள்ளைகள் கூட்டத்தில் ஒல்லியாக, உயரமாக ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். "உடா, உள்ள கொசு பாடுதா?" என்று கேட்டாள். உடா என்பது அண்ணன் என்று மரியாதையாகக் கூப்பிடுவது. ஆனால் சொன்ன விதத்தில் மரியாதையைத் தேட வேண்டியிருந்தது. அத்தனை பேரும் சிரித்தார்கள். பின்னால், அதே தடத்தில் ஓட்டும் ரென்டியின் வேன் நான்கு பெட்டிகளோடு வந்து நின்றதும் தார்ச்சாலையே நடுங்கியது. கூட்டம் அங்கே ஓடியது. எதிரே கண்ணாடிக்குப் பின்னால் யுஸ்னிமார் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரமாக அதே தட்டு.

தம்ரினிடம் போனால், பன்னிரண்டில் வைத்துப் பார்க்கிறான், தேன் மாதிரி கேட்கிறது. ஒயரை இழுத்துப் பார்த்தான். பெஞ்சின் போல்ட்டில் இன்னும் கொஞ்சம் பெயின்ட்டைச் சுரண்டி எர்த் ஒயரை இறுக்கினான். திரும்பவும் தேன்.

"பெட்டியில கோளாறு இல்ல. உன் மூஞ்சியப் பார்த்துப் பயப்படுது போல," என்றான்.

புதன்கிழமையும் அதே கதை. சாலையில் தனியாக வரும்போது அடிவயிற்றைத் தடவுகிற பாட்டு, பள்ளி வாசலுக்கு வந்ததும் கொசுவாகிவிட்டது. அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று ஜஸ்மான் நினைக்க ஆரம்பித்தான். மின்கம்பத்தைப் பார்த்தான். வாசல் மரத்தைப் பார்த்தான். பத்தடி தள்ளி நிறுத்திப் பார்த்தான். எங்கே நிறுத்தினாலும், நிறுத்தும் முன்னால் கை தானாகப் போய்க் குமிழைத் திருகிவிட்டிருந்தது. பதினெட்டு வருஷம் மணல் வாரிய கைக்குப் புதிதாக வந்த பழக்கம் அது ஒன்றுதான். அதன் மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. இதற்குள் அந்த வேனுக்குக் கொசு வண்டி என்று பெயரும் விழுந்துவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் நல்ல மழை. அன்றைக்கும் வாசலில் யாரும் ஏறவில்லை. ரென்டியின் வண்டிக்குப் பின்னாலேயே குமிழ் முழுக்கத் திருகியபடி காலியாகப் போனான். அடுத்த நிறுத்தத்தில் மீன்காரி எல்மி இரண்டு காலிக் கூடைகளோடு ஏறினாள். காவுங் சந்தைக்குத் திரும்புகிறவள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மீன் எடுத்தவள், முகமெல்லாம் தூக்கம்.

"உடா, இந்தக் கத்தலைக் கொஞ்சம் குறையேன். என் மகன்கூட போன்ல பேசணும். ரென்டி வண்டியில ஏறி நேத்து 'இடது, இடது'ன்னு கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. ஒரு கிலோமீட்டர் தாண்டி இறக்கிவிட்டான், படுபாவி."

இறங்க வேண்டுமென்றால் 'இடது' என்று சொல்ல வேண்டும், வண்டி இடப்பக்கம் ஒதுங்கும். ரென்டியின் பாட்டில் அது டிரைவர் காதுக்குப் போய்ச் சேராது.

யாரும் கேட்காத பாட்டு எப்படிப் பாடினால் என்ன என்று ஜஸ்மான் குமிழை இடப்பக்கம் திருப்பினான். முப்பது. இருபத்தைந்து. இருபதுக்குக் கீழே வந்தபோது பின்னால் ஏதோ மாறியது. பதினான்கில் எல்மியின் காலிக் கூடைகள் இரண்டும் ஒன்றோடொன்று உரசிக் கிர்ர் என்றன. பெஞ்சு முனகியது. அவனுடைய இருக்கைக்கே அந்த அதிர்வு வந்து சேர்ந்தது.

குமிழைத் திரும்பவும் மேலே ஏற்றினான். கூடைகள் நின்றுவிட்டன. இறக்கினான். கிர்ர்.

"என்ன உடா, விளையாடறியா?" என்றாள் எல்மி.

"இல்ல உனி. கூடையைப் பிடிக்காதே. அப்படியே விடு."

காவுங்கில் அவளை இறக்கிவிட்டு நேராக சிம்பாங் ஹாருவுக்கு விட்டான். தம்ரின் ஒருமுறை ஏற்றி, ஒருமுறை இறக்கிக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். வண்டியோடு வரும் சின்ன ஸ்பீக்கர்கள் கிழிந்துவிடக் கூடாது என்று, சத்தம் ஏற ஏற இந்த ரேடியோ கனத்த ஒலியைத் தானே குறைத்துக்கொள்கிறது. சப்வூஃபருக்கு வருவது அந்தக் குறைந்ததுதான். "இத்தனை வருஷமா இதையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு இருந்தேன், ஒருநாள்கூடக் கேட்டதில்ல," என்றான். பிறகு சின்ன திருப்புளியால் ஆம்ப்ளிஃபயரின் திருகை அரைச் சுற்று கூட்டினான். ரேடியோ பதினான்கிலேயே இருக்க, பெஞ்சு எழுந்து நிற்கப் பார்த்தது. பக்கத்து வீட்டில் குழந்தை அழ ஆரம்பித்தது.

"பதினாலைத் தாண்டாதே. வாசல்ல கை அரிச்சுதுன்னா தொடைக்கு அடியில வெச்சு உட்காந்துக்கோ."

வெள்ளிக்கிழமை தொழுகைக்காகப் பள்ளி பதினொன்றரைக்கே விட்டுவிட்டது. ஜஸ்மான் வாசலை நெருங்கும்போது முன்னால் ரென்டி நின்று ஊரையே அதிர வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இன்னும் இரண்டு வண்டிகள் முழுச் சத்தத்தில். கை குமிழுக்குப் போனது. பாதி வழியில் பிடித்து இழுத்து, நிஜமாகவே தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். பதினான்கில் பாடுகிற வண்டியை அந்த இரைச்சலில் யார் கவனிப்பார்கள்? யாரும் கவனிக்கவில்லை. ரென்டியின் வேன் நிறைந்தது, போனது. அடுத்ததும் நிறைந்தது. எதிரே யுஸ்னிமார் கடை வாசலுக்கே வந்து நின்றுகொண்டிருந்தாள். காதில் போன். சோலோக்காரராகத்தான் இருக்கும்.

அந்த ஒல்லிப் பெண் ரென்டியின் வண்டியில் ஏறியிருக்கவில்லை. செருப்பில் காய்ந்த சேறு. நேற்று மழையில் அவளும் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறக்கிவிடப்பட்டு நடந்திருக்க வேண்டும். ஜஸ்மானின் வண்டியை ஒரு பார்வை பார்த்தாள். வேறு வழியில்லை என்கிற மாதிரிதான் வந்து படியில் ஒரு காலை வைத்தாள்.

வைத்த கால் அங்கேயே நின்றது. குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு மற்றக் காலையும் வைத்து, பின்பெஞ்சில் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் பலகையில் ஊன்றிக்கொண்டாள்.

"ஏய், இங்க வாங்களேன்," என்று வெளியே பார்த்துச் சொன்னாள். கத்தவில்லை. கத்தாமலேயே வெளியே கேட்டது. "கொசு வண்டிதான். வந்து உட்கார்ந்து பாருங்க."

முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு நான்கு. பின்பெஞ்சுக்கு இடம் போதாமல் ஒருத்தியை ஒருத்தி நெருக்கினார்கள். பன்னிரண்டு இடத்தில் ஒன்பது நிறைந்தது. உள்ளே பேச்சும் சிரிப்புமாக ஒரே சந்தடி. பாட்டு அவர்கள் காலுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது, பேச்சு அதற்கு மேலே.

யுஸ்னிமார் சாலையைக் கடந்து வந்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டு ரேடியோவைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. கையை எடுக்கும்போது கதவுத் தகடு அதிர்வது தெரிந்து, அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"சோலோக்காரர்கிட்ட அடுத்த மாசம் பேசிக்கலாம்னு சொல்லிட்டேன்," என்றாள். "நாளைக்குச் சீக்கிரம் வந்து சாவி எடுத்துக்கோ. நேரமா சாப்பிடு, மூஞ்சி வத்திக் கிடக்கு."

அடுத்த மாசம் என்றால் இன்னும் முப்பது நாள். ஜஸ்மான் தலையை ஆட்டினான். கியரைப் போட்டு வண்டியைத் துறைமுகச் சாலையில் விட்டான். தொடைக்கு அடியில் இருந்த கை மரத்துப்போயிருந்தது. உதறிக்கொண்டான்.

இரண்டாவது பாலம் தாண்டியதும், பின்னாலிருந்து அந்த ஒல்லிப் பெண், பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லுகிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள்.

"இடது, உடா."

அவன் காதில் விழுந்தது. அவள் வீட்டு வாசலுக்கு நேராக வண்டியை ஒதுக்கினான்.