கருகல் இறங்கிப் போனதும் மாவு உப்பாததும்

மருந்தடிப்பவர் தக்காளித் தோட்டத்துக்குள் நுழைந்ததும், இலைகளில் இருந்த கருகல் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, வேலியைத் தாண்டிச் சாலையோரம் போய் நின்றன. செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணி இருக்கும். அவருடைய மச்சினி வேளாண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். பூஞ்சையிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளச் செடிகள் தாமே உண்டாக்கும் ஒரு புரதத்தை விதைகளிலிருந்து பிரித்து, அடித்துப் பார்க்கும்படி அவரிடம் கொடுத்திருந்தாள். முந்தின நாள் முதுகுத் தெளிப்பானின் குழாய் பிய்த்துக்கொண்டு பதினாறு லிட்டரும் அவர் தலையில் கொட்டியது. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை.

அதன்பின் இரண்டு வருடம் அவர் மருந்தே அடிக்கவில்லை. வயல் வயலாக நடந்தார், அவ்வளவுதான். முதுகில் பாரம் இல்லாவிட்டால் நடை கோணுகிறது என்று காலித் தெளிப்பானை மட்டும் சுமந்துகொண்டார். திராட்சை, உருளை, வெள்ளரி எல்லாம் தேறின.

வீட்டில்தான் வினை. மனைவி முன்னறையில் ரொட்டிக்கடை வைத்திருந்தாள். ஈஸ்டும் பூஞ்சைக் குலம்தான் என்பதால், அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே மாவு மூச்சை அடக்கிக்கொண்டது.

"ஊர்த் தக்காளியெல்லாம் தளதளன்னு இருக்கு. என் ரொட்டி மட்டும் செங்கல்லா இருக்கு. ஒரு முடிவு சொல்லுங்க," என்றாள்.

அவர் தோட்டத்து பம்ப் கொட்டகைக்குக் குடிபோனார். பதினோரு நாள் ரொட்டி பந்து பந்தாக உப்பியது. அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தங்கையோடு கொட்டகைக்குப் போனாள். தங்கை கையில் புரதத்தை முறிக்கும் கரைசல் ஒரு வாளி நிறைய இருந்தது.

"ஒரு தடவை குளிச்சா போதும் அத்தான், பழையபடி ஆயிடுவீங்க," என்றாள் மச்சினி.

அவர் சட்டையைக் கழற்றினார். சாலையோரம் நின்றிருந்த கருகல் ஓரடி முன்னால் வந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு வாளியைக் காலால் கவிழ்த்தாள்.

"வீட்டுக்கு வாங்க. கடையை நான் நகர்த்திக்கறேன்."

அக்காவும் தங்கையும் தெரு நெடுக முக்காலி போட்டு மாவுருண்டை வைத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து நாற்பத்துமூன்று எட்டு வைக்கும் தூரம் வரை மாவு அசையவில்லை. அடுத்த எட்டில் உப்பியது. கடை அங்கே போயிற்று.

இப்போது பகலில் புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் கத்தித்தான். சரியாகக் காதில் விழாததை இடையிலுள்ள ஆறு வீட்டுக்காரர்கள் வாங்கி, அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிடுகிறார்கள். சண்டையாக இருந்தால், நான்காம் வீட்டுத் தையல்காரர் மட்டும் கொஞ்சம் வெட்டித்தான் அனுப்புவார்.