மாதேஸ்வரனுக்கு முதல் பத்திரிகை

முரளிதரனுக்குப் பண்பாட்டுப் பைத்தியம் பிடித்து ஒரு வருஷம் ஆகிறது. ஹெப்பாள் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை, வீடு என்று ஒழுங்காக இருந்த மனுஷன்தான். மைசூர்த் தமிழ்ச் சங்கத்தில் போனால் போகிறதென்று பண்பாட்டுக் குழுச் செயலாளர் பதவியைத் தூக்கிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் சாம்பாருக்குக்கூட நிம்மதியில்லை. மிளகாய் கப்பலேறி வந்த பரங்கிச் சரக்காம், மகள் தாரணியின் கல்யாணச் சமையலில் மிளகுதான் போட வேண்டுமாம்.

"போட்டிருக்கிற பேன்ட்டை மட்டும் எந்தச் சோழன் தைச்சுக் குடுத்தான்?" என்று மனைவி சொர்ணலதா கேட்டாள்.

தலையிலடித்துக்கொண்டு அதையெல்லாம் அவள் பொறுத்துப்போனாள். மாப்பிள்ளை விஜய்குமார் தங்கமான பையன். தாரணி அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள். இந்தக் கல்யாணம் கோணாமல் முடிந்தால் போதும் சொர்ணலதாவுக்கு.

பத்திரிகை அச்சாகி வந்த ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளையின் அம்மா வள்ளியாத்தாள் கொள்ளேகாலிலிருந்து வந்தாள். காப்பியைக் குடித்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"மொதப் பத்திரிகை மாதேஸ்வரன் மலைக்குப் போவோணுமுங்க. சாமி பாதத்துல வெச்சுப்போட்டுத்தான் மத்தவியளுக்குக் குடுக்கறது எங்கூட்டு வழக்கம்."

முரளிதரன் தொண்டையைச் செருமினார். மேடையில் நிற்கிற நினைப்பு.

"அது கன்னடக்காரங்க சாமி, சம்பந்தியம்மா. அதுக்குப் போய்த் தமிழன் பத்திரிகை வைக்கிறது அடிமைப் புத்தி. நம்ம கல்யாணம் கலப்படமில்லாம நடக்கணும்."

வள்ளியாத்தாளின் முகம் கறுத்தது.

"ஆரு சாமிய ஆரு சாமிங்கறீங்க? எங்க பாட்டன் பூட்டன் காலத்துல கன்னடக்காரவிய மாதேஸ்வரன் கதையக் கன்னடத்துல பாடுவாங்க, எங்க சனம் பக்கத்துல உக்காந்து கேட்டு அழுவும். பொய் சொன்னா அவரு ஏறி வர்ற புலி வாசல்ல வந்து நிக்கும்னு பயந்துதான் ரெண்டு சனமும் அடுத்தவன் வரப்பைத் தள்ளாம இருந்துச்சு. நல்லது கெட்டது நாங்க படிச்சதே அங்கதானுங்க. அதைக் கலப்படம்கற ஊட்டுல எனக்குப் பொண்ணு வேண்டாம்."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். உள்ளேயிருந்து தாரணி ஓடிவந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர்.

"சும்மனே இருங்கப்பா! இந்தப் பத்திரிகையில ஒரு எழுத்து எனக்குப் படிக்கத் தெரியுமா? தமிழ் பிழைப்புக்கு ஆகாதுன்னு கான்வென்ட்ல சேர்த்தது யாரு?"

"அது உன் நல்லதுக்கும்மா..."

"த்தூ, வெக்கமாயில்ல?" சொர்ணலதாவுக்கு இத்தனை நாள் அடக்கி வைத்த ஆத்திரம் பொங்கிவிட்டது. "பெத்த பொண்ணுக்கு அ, ஆ சொல்லித் தரல, சாமியைப் பங்கு பிரிக்கக் கிளம்பிட்டாரு!"

மேலாக இருந்த பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்டினாள். "சம்பந்தி, இவர் பேச்சை விடுங்க. இன்னிக்கே நானும் உங்களோட மலைக்கு வர்றேன்."

வள்ளியாத்தாள் பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டாள். "பொண்ணையும் கூட்டியாங்க."

மூவரும் செருப்பு மாட்டினார்கள். "நான் ஒருத்தன் இங்க இருக்கேன்" என்றார் முரளிதரன்.

"நீங்களும் வாங்க, சம்பந்தி" என்றாள் வள்ளியாத்தாள். "தமிழ்ல கும்பிட்டாலும் அவருக்கு வெளங்குமுங்க."

அவர் போகவில்லை. பண்பாட்டைக் காக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டாமா?