படம் வராத பிறந்தநாள்

எங்கள் தெருப் பையன் கில்பர்ட் சனிக்கிழமை மூன்று மணிக்கு விமான நிலையம் போகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிங்கப்பூரில் அவன் ஏறப்போவது என் கணவர் எர்வின் வேலை பார்க்கும் அதே எண்ணெய்க் கப்பல். பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு கப்பல்காரர் வீடு. யார் புதிதாகப் போனாலும், அங்கே ஏற்கெனவே இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து பொட்டலம் போகும். ஒரு வீட்டுக்கு அரைக் கிலோதான் என்று கில்பர்ட் கறாராகச் சொல்லிவிட்டான். கருவாடும் உலர்ந்த மாம்பழமும் கட்டி வைத்தேன். அவற்றுக்கு நடுவே ஒரு பென் டிரைவ் போகவேண்டும், அதற்குள் எங்கள் மகள் கியானாவின் முதல் பிறந்தநாள்.

எர்வின் கப்பல் ஏறியபோது அவளுக்கு நாற்பது நாள். ஒன்பது மாத ஒப்பந்தம், மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிச் சொல்லியே பதினோரு மாதமாகிவிட்டது. நடுக்கடலில் இணையம் என்பது பேருக்குத்தான். எழுத்துச் செய்தி போகும், சின்னக் குரல் செய்தி முக்கி முனகிப் போகும், வீடியோ போகவே போகாது. அவர் அறிந்த மகள் அழ மட்டுமே தெரிந்தவள்.

பிறந்தநாளன்றுதான் அது நடந்தது. அப்பா ஊரில் இல்லாத வீடுகளில் செய்வதுபோல, சீருடையில் எர்வின் சிரிக்கும் படத்தை ஆளுயரத்துக்குப் பேனரில் அச்சடித்துக் கூடத்தில் கட்டியிருந்தோம். கேக் வெட்டும் நேரத்தில் கியானா அந்தப் படத்தை நோக்கிக் கையை நீட்டி, அப்பா என்று கூப்பிட்டாள். அதன் பிறகு நான் எத்தனை கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை, அழுத்தக்காரி. எர்வினிடம் நான் இதை மூச்சுவிடவில்லை. கண்ணால் பார்க்கட்டும் என்று வைத்திருந்தேன்.

வீடியோ எடுத்தது என் நாத்தனார் லோர்னா. போனைப் பிடித்தபடியே பக்கத்து வீட்டுக்காரியிடம், பன்றி வறுவல் சின்னதாக இருக்கிறது, நூடுல்ஸில் இறால் எண்ணித்தான் போட்டிருக்கிறாள், என் தம்பி அங்கே உழைக்கிறான் இங்கே இவள் கஞ்சத்தனம் பண்ணுகிறாள் என்று பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். முதல் நிமிடம் கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கப்பலில் பத்துப் பேர் நடுவில் இதைக் கேட்கவா என் புருஷன் காத்திருக்கிறார்? மொத்த வீடியோவின் சத்தத்தையும் அணைத்துவிட்டு, கணினியில் வீடியோ வெட்டி ஒட்டும் செயலியில் இலவசமாகக் கிடைத்த ஒரு குதூகலப் பாட்டை மேலே போட்டேன். கியானா கூப்பிடும் இடத்தில் 'அப்பா என்கிறாள்' என்று தங்க நிற எழுத்தும் ஓடவிட்டேன். என் கைவேலையைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, ஏற்றுமதி என்ற பொத்தானை அழுத்தினேன். அங்கே பிடித்தது சனி. எம்பி4, எம்ஓவி, ஏவிஐ என்று ஒரு வரிசை. அதற்குக் கீழே 4கே, 1080, 720. நொடிக்கு 24 படமா, 30 படமா, 60 படமா என்று இன்னொரு கேள்வி. சோறு கேட்டால் நெல்லின் ரகம் கேட்கிறான். எல்லாவற்றுக்கும் அடியில் 'ஆடியோ மட்டும்' என்றும் ஒன்று இருந்தது. படம் இல்லாத பிறந்தநாள் எவனுக்கு வேண்டும் என்று திட்டிவிட்டு, எது பெரியதோ அதுதானே நல்லது என்று 4கேயைத் தொட்டேன்.

இடம் போதவில்லை என்றது. லோர்னா அனுப்பிய மூல வீடியோக்கள்தான் அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை நகல் எடுத்துச் செயலிக்குள் போட்டாயிற்றே என்று கணினியிலிருந்து அழித்தேன். திரும்ப அழுத்தினேன். எழுபது சதவிகிதத்தில் கரண்ட் போனது. வயசான கணினி, பேட்டரி செத்து ஒரு வருஷம். கரண்ட் வந்தபோது மணி பன்னிரண்டரை. மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாக முடிந்த கோப்பைப் பென் டிரைவில் போட்டால், பென் டிரைவில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே, கோப்பு பெரிது, ஏற்கமாட்டேன் என்றது. அழுகையாக வந்தது. வீட்டில் நல்ல சுத்தியல் இல்லாதது அந்தக் கணினியின் அதிர்ஷ்டம்.

மணி இரண்டு. 1080க்கு இறங்கினேன். பக்கத்திலேயே இன்னொரு தேர்வு, புதிய முறை, அதே தரம், பாதி அளவு என்று ஆசை காட்டியது. இதை முன்னாலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று அதை அழுத்தினேன். சட்டென்று முடிந்து, பென் டிரைவில் சமர்த்தாக உட்கார்ந்தது. கணினியில் ஓட்டிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. கில்பர்ட் ஆட்டோவில் கால் வைக்கும்போது ஓடிப்போய்க் கொடுத்தேன். வந்த வேகத்தில் கணினியில் இருந்த மிச்சம் மீதியையும் துடைத்துப்போட்டேன். அந்தச் சனியன்களை இன்னொரு முறை கண்ணால் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஐந்தாம் நாள் எர்வினின் செய்தி வந்தது. எல்லாரையும் சாப்பாட்டறை டிவி முன்னால் உட்கார வைத்தாராம். சமையல்காரர் கியானா பேரில் நூடுல்ஸ் கிளறினாராம். பதினொரு நிமிஷமும் கருப்புத் திரை, பாட்டு மட்டும் கணீரென்று வந்ததாம். அந்தப் பழைய டிவிக்கு என் புதிய முறை தெரியவில்லை. இன்ஜினியரின் மடிக்கணினியிலும் அதே கதை. யாரும் எழுந்து போகவில்லை, கடைசிவரை மரியாதையாக உட்கார்ந்து கேட்டார்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில், 'பரவாயில்ல, பாட்டு நல்லாருந்துச்சு' என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியில் நான் செத்தேன். குழந்தையின் குரலை என் கையாலேயே அணைத்துவிட்டு, படத்தை நம்பினேன். படமும் போய்ச் சேரவில்லை. மூலமும் என்னிடம் இல்லை. இனி போகவேண்டியது ஒரே ஓர் இடம்தான்.

லோர்னா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வீடியோ இன்னும் போனில் இருக்கிறதா என்று கேட்டேன். "நான் எடுத்ததுதான் உன்கிட்ட இருக்கே, எதுக்கு திரும்ப?" என்றார். பொய் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை.

"சத்தத்தை அணைச்சிட்டேன் அண்ணி. நீங்க என்னைத் திட்டறது கேட்டுச்சு."

ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினார். "திட்டினேன்தான். வறுவல் சின்னதுதானேடி." பிறகு மாவுக்கறை படிந்த போனை நீட்டினார். "முழுசாக் கேட்டியா? கேட்டிருக்கமாட்ட."

அங்கேயே படியில் உட்கார்ந்து கேட்டேன். வறுவல், இறால், கஞ்சத்தனம் எல்லாம் வரிசையாக வந்தது. திடீரென்று லோர்னாவின் பேச்சு பாதியில் நின்றது. "ப்பா" என்று ஒரு சின்னக் குரல். இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக, "அப்பா." அதன் மேல் லோர்னாவின் குரல் உடைந்து வந்தது. "டேய் எர்வின், உன்னைத்தான்டா கூப்பிடுறா."

நான் தலையைத் தூக்கவில்லை. லோர்னா துணி உலர்த்தப் போய்விட்டார்.

அந்த இருபது நொடியை வெட்டி எடுத்தேன். தேர்வுப் பட்டியலின் அடிவரைக்கும் இறங்கி 'ஆடியோ மட்டும்' என்பதைத் தொட்டேன். கோப்பு கடுகு அளவு வந்தது. கப்பலின் நோஞ்சான் இணையம்கூட அதை நாலு நிமிஷத்தில் வாங்கிக்கொண்டது. அவர் கேட்டதாகக் குறி விழுந்தது. பதில் இல்லை. மறுநாள் காலைவரை இல்லை.

காலையில் ஒரு குரல் செய்தி வந்தது. முதலில் இன்ஜின் இரைச்சல், தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு எனக்கில்லாத ஒரு பதில்.

"என்னடா தங்கம். அப்பா இங்கதான் இருக்கேன்."

கியானாவின் காதருகே வைத்து ஓட்டினேன். அவள் பொம்மையைப் போட்டுவிட்டுக் கேட்டாள். இன்னொரு முறை ஓட்டினேன். நான் இன்னும் கழற்றாமல் விட்டிருந்த பேனரிடம் தவழ்ந்து போனாள், அதன் அடி ஓரத்தை இரண்டு கையாலும் தூக்கி, பின்னால் எட்டிப் பார்த்தாள்.